இடைவெளியின் அருமை

நெல்லை நடும்போது நண்டு ஓடும் அளவுக்கு இடம் விடவேண்டும். கரும்புக்கு நரி ஓடும் அளவு வேண்டும். வாழைக்கு வண்டி ஓடும் அளவு வேண்டும். தென்னைக்கோ தேர் ஓடும் அளவு வேண்டும். இது நம் உழவர் பட்டறிவால் கண்ட உண்மை. பயிருக்கும் பயிருக்கும் இடையே கிடக்கும் நிலம் பார்வைக்கு வீணாகத் தோன்றும். ஆயினும் அவ்விடம் இல்லையேல் பயிர் இல்லை. நிலத்தில் மெய்யாகும் இவ்வுண்மை தாளிலும் மெய்யாகும் என்பதை ஒரு சிறுமி உணர்ந்த வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

கள்ளக்குறிச்சி நகரின் மேற்கே நின்று நோக்கினால் கல்வராயன் மலை நீலத் திரைபோல் நீண்டு தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அம்மலையில் கோமுகி ஆறு பிறக்கின்றது. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்குச் சாமையும் தினையும் விளைவித்தும், கடுக்காயும் தேனும் திரட்டியும் வாழ்ந்து வருபவர்கள். அம்மலையூர் ஒன்றில் கிளை அஞ்சலகத்தைப் பல்லாண்டு நடத்தி, ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் வந்து தங்கியவர் ஒரு முதியவர். சாலை வசதி குறைந்திருந்த நாளில் அஞ்சற் பை அடிவாரத்திலிருந்து மனிதர் தோளிலேயே மலையேறும். அப்பையை எதிர்நோக்கி அஞ்சலக வாயிலில் காத்திருப்போர் முகங்களை அவர் மறந்ததில்லை. தொலைவில் வேலைக்குச் சென்ற மகனுக்கு ஒரே ஒரு கடிதம் எழுத ஒரே ஒரு அஞ்சல் தலை வாங்க வருவார் ஒரு தாய். முதியவர் தாளை மடித்து, துளைக்கோட்டின் வழியே மெல்லக் கிழித்து, ஒரு முனையும் சிதையாமல் அதனை அவர் கையில் கொடுப்பார். அவ்வளவு கவனம் ஏன் என்று அப்போது எவரும் கேட்டதில்லை.

அம்முதியவரின் பேத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் பயிலும் பள்ளியில் பழம்பொருட் கண்காட்சி ஒன்று நடத்த ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொணர்ந்து, அதனைப் பற்றிய குறிப்பையும் எழுதி வைத்தல் வேண்டும். சிறுமி தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு பழைய கணக்கு ஏடு கிடந்தது. அதன் இதழ்களுக்கு நடுவே நீல நிறத்தில் சிறு அஞ்சல் தலை ஒன்று இருந்தது. அதில் அரசி ஒருத்தியின் தலை. மேலே இந்தியா என்றும் கீழே அரையணா என்றும் ஆங்கில எழுத்துகள். குறுக்கே கறுப்பு முத்திரை.

சிறுமி அதனை மேசைமேல் வைத்து நோக்கினாள். படத்தின் இடப்புறமும் மேலும் கீழும் வெண்மையான ஓரம் இருந்தது. வலப்புறத்திலோ ஓரமே இல்லை. கத்தரிக்கோல் படத்தின் கோட்டையே சற்றுத் தின்றிருந்தது. மூன்று புறம் ஓரமும் ஒரு புறம் வெறுமையுமாக இருந்த அக்கோலம் அவள் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“தாத்தா! இந்தத் தபால் தலையில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் இல்லை. மற்ற மூன்று ஓரங்களையும் வெட்டிவிட்டால் நான்கு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிடும் அல்லவா?”

திண்ணையில் இருந்த முதியவர் விரைந்து எழுந்து வந்தார்.

“பொறு கண்ணு! கத்தரிக்கோலைக் கீழே வை. நீ வெட்டப் போவது வெறுந்தாள் அன்று.”

சிறுமி திகைத்தாள். “இதில் ஒன்றும் அச்சிடப்படவில்லையே, தாத்தா?” என்றாள்.

“அச்சிடப்படாத இடத்திலும் செய்தி உண்டு, அம்மா. உட்கார், சொல்கிறேன்” என்று அவர் கூறத் தொடங்கினார்.

உலகின் முதல் அஞ்சல் தலை 1840 ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் விலை ஒரு பென்னி, நிறம் கறுப்பு. ஒரு தாளில் 240 தலைகள் அச்சிடப்பட்டன. வரிசைக்கு 12 தலைகள், வரிசைகள் 20. இவ்வெண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. அந்நாட்டு நாணய முறைப்படி அக்காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங்கு. 20 ஷில்லிங்கு ஒரு பவுன். ஆகவே ஒரு வரிசையின் விலை ஒரு ஷில்லிங்கு. ஒரு தாளின் விலை ஒரு பவுன். அஞ்சலக எழுத்தர் எண்ணிக்கொண்டிராமல் வரிசையாக விற்கலாம். மாலையில் எஞ்சியதை ஒரு நோக்கில் கணக்கிடலாம். ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஓர் எழுத்து அது நின்ற வரிசையையும், மற்றோர் எழுத்து வரிசையில் அதன் இடத்தையும் காட்டும். தாளின் ஓரத்திலோ விலை விவரமும், தலையை உறையில் எங்கு ஒட்டவேண்டும் என்னும் அறிவுரையும் அச்சிடப்பட்டன. ஓரமும் அன்று ஆசிரியர் வேலை பார்த்தது.

அத்தாளில் துளைகள் இல்லை. கத்தரிக்கோலாலேயே தலைகளைப் பிரிக்கவேண்டும். தலைக்கும் தலைக்கும் இடையே இருந்த வெண்கீற்றோ மிக ஒடுங்கியது. கை சற்று நடுங்கினால் ஒரு தலை பிழைக்கும். அதன் அண்டைத் தலை காயமுறும்.

இத்தாலி ஒரே நாடாக ஆகாத காலத்தில் அதன் பகுதிகள் தனித்தனியே அஞ்சல் தலை வெளியிட்டன. அவற்றின் தாள்கள் விந்தையானவை. வட இத்தாலியில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த லொம்பார்டி வெனீசியாவில் 1850 ஆம் ஆண்டு வெளிவந்த தாளில் நான்கு பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு பகுதியிலும் எட்டு எட்டாக 64 கட்டங்கள். ஆனால் தலைகளோ 60 மட்டுமே. ஆஸ்திரிய நாணயத்தில் 60 கிராய்சர் ஒரு கில்டர் ஆதலின், கணக்கு அறுபதில் முடியவேண்டியிருந்தது. எஞ்சிய நான்கு கட்டங்களை வெறுமையாக விட்டால், வெற்றுத் தாளில் எவரேனும் போலித் தலை அச்சிட்டுவிடக் கூடும். ஆதலின் அவற்றில் பெருக்கல் குறி போன்ற குறுக்குக் கோடுகளை அச்சிட்டு நிரப்பினர். இத்தாலியின் மற்றொரு பகுதியாகிய தஸ்கனியில் 1851 இல் வெளிவந்த தலைகள் நெருக்கத்திற்குப் பெயர் பெற்றவை. அங்கு இரு தலைகளுக்கு இடையே ஒரு கத்தரிக்கோல் முனை செல்வதே அரிது. நான்கு புறமும் ஓரம் குறையாத தஸ்கனித் தலை இன்று கிடைத்தற்கு அரியதாய் இருப்பதன் காரணம் இதுவே. போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியிலோ, 1852 இல், தலைகளுக்கு நடுவே கோடுகள் இட்டனர். வெட்டுவோர் கண்ணுக்கு அக்கோடு வழிகாட்டியது.

“நம் நாட்டில் எப்படி, தாத்தா?” என்று சிறுமி வினவினாள்.

“நம் நாட்டுக் கதை இதனினும் சுவையானது” என்றார் முதியவர்.

1852 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சிந்து மாகாணத்தில் அஞ்சல் தலை வெளிவந்தது. ஆனால் அது அம்மாகாணத்திற்கு மட்டுமே உரியது. இந்தியா முழுமைக்குமான தலைகளை 1854 இல் கல்கத்தாவிலேயே அச்சிட முடிவு செய்தனர். முதலில் கல்கத்தா நாணயச் சாலையில் முயன்றார்கள். வேண்டிய அளவு தலைகளை அங்கு விரைவில் ஆக்க இயலவில்லை. அப்பொழுது நில அளவைத் துறையைச் சேர்ந்த காப்டன் துயிலியர் என்பவர் அப்பணியை ஏற்றார். நிலப்படங்களை அச்சிடும் கல்லச்சு அவரிடம் இருந்தது. செப்புத் தகட்டில் ஒரே ஒரு தலையைச் செதுக்கினர். அதிலிருந்து பல படிகள் எடுத்து, அச்சுக் கல்லின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திப் பதித்தனர். இடைவெளி அமைத்தது எந்திரம் அன்று. மனிதர் கையும் கண்ணுமே. முதலில் அரையணாத் தலையைச் சிவப்பு மையில் அச்சிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த அம்மை தீர்ந்துபோகவே, பின்னர் நீல மையைக் கொண்டனர்.

நீல அரையணாத் தாளில் 96 தலைகள். வரிசைக்கு எட்டாக 12 வரிசைகள். ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது அக்காலக் கணக்கு. எட்டு அரையணா நான்கணா. அதாவது ஒரு வரிசை கால் ரூபாய். 12 வரிசை கொண்ட முழுத் தாள் மூன்று ரூபாய். ஓரணாத் தாளும் 96 தலைகள் உடையதே. அதன் விலை ஆறு ரூபாய். எழுத்தறிவு குறைந்தோரும் வரிசையைக் கொண்டே விலையை அறியலாம்.

நான்கணாத் தலை இரு வண்ணம் உடையது. சிவப்பு நிறச் சட்டத்தினுள் நீல நிறத்தில் அரசியின் தலை அமைந்தது. சட்டத்தை ஒரு முறையும் தலையை மற்றொரு முறையுமாக ஒரே தாளை இரு முறை அச்சிட்டனர். தாளைத் தலைகீழாக வைத்துவிட்டால் சட்டம் நேராகவும் அரசி தலைகீழாகவும் நிற்பாள். அப்பிழை நேர்ந்த தலைகள் மிகச் சிலவே இன்று உலகில் உள்ளன. இந்நான்கணாவை முதலில் ஒரு தாளுக்கு 12 தலைகளாகவே அச்சிட்டார்கள். வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகள். தலைகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, அவ்விடத்தில் அலை போன்ற கோடுகளும் அமைத்தனர். பின்னர் தாளையும் உழைப்பையும் சிக்கனம் செய்யக் கருதி, அதே தாளில் 24 தலைகளை நெருக்கி அமைத்தனர். மூன்று ரூபாய்த் தாள் ஆறு ரூபாய்த் தாளாயிற்று. அரசுக்குத் தாள் மிச்சம்; வெட்டுவோருக்கோ தொல்லை.

“இப்போது சொல், கண்ணு. ஒரு நான்கணாத் தலை உன் கைக்கு வருகிறது. அது முதலில் அச்சானதா, பின்னர் நெருக்கி அச்சானதா என்று எவ்வாறு அறிவாய்?”

சிறுமி சற்றே சிந்தித்தாள். “அகன்ற ஓரம் இருந்தால் முதலில் அச்சானது” என்றாள்.

“ஓரத்தை வெட்டிவிட்டால்?”

சிறுமி கத்தரிக்கோலை மேசையின் மறு கோடிக்குத் தள்ளி வைத்தாள்.

முதியவர் மேலும் கூறினார். 1854 அக்டோபர் முதல் நாளிலிருந்து இத்தலைகள் நாடெங்கும் வழங்கின. அதற்கு முன்னர் தொலைவு மிக மிகக் கட்டணமும் மிகும். புதிய சட்டமோ எடையை மட்டுமே கணக்கில் கொண்டது. கால் தோலா எடையுள்ள கடிதம் கடலூரிலிருந்து சென்னைக்குச் சென்றாலும் கல்கத்தாவுக்குச் சென்றாலும் கட்டணம் அரையணாவே. அரைத் தோலா எடைக்கு ஓரணா. எளியவனின் கடிதமும் செல்வனின் கடிதமும் ஒரே பையில் ஒரே கட்டணத்தில் பயணம் செய்தன. அந்த அரையணாவைத் தாளிலிருந்து பழுதில்லாமல் பிரித்துத் தருவது அஞ்சலகத்தார் கடமையாயிற்று.

கத்தரிக்கோலின் தொல்லையைத் தீர்த்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஆர்ச்சர் என்பவர். தலைகளுக்கு இடையே ஊசித்துளைகளை வரிசையாக இடும் பொறியை அவர் ஆராய்ந்து அமைத்தார். 1853 இல் ஆங்கில அரசு 4,000 பவுன் கொடுத்து அவ்வுரிமையை வாங்கியது. இந்தியத் தலைகளை 1855 முதல் இலண்டனிலுள்ள அச்சகம் அச்சிடலாயிற்று, துளைகளும் வந்தன. துளைக்கும் இடைவெளி வேண்டும். தலைகள் நெருங்கி நின்றால் ஊசி படத்தின்மேல் பாயும். 1865 இல் ஒவ்வொரு தலைக்கும் பின்னே ஒரு யானைத் தலை நீர்க்குறியாக அமையுமாறு தாளைச் செய்தனர். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த யானை தெரியும். தாளிலுள்ள யானையும் மேலுள்ள படமும் பொருந்தவேண்டுமாயின் அளவும் இடைவெளியும் பிசகலாகாது. இப்பணி 1925 க்குப் பின் நாசிக் நகரிலுள்ள அச்சகத்திற்கு வந்தது.

சிறுமி யாவற்றையும் கேட்டாள். பின்பு அந்த நீலத் தலையையே நோக்கி, “அப்படியானால் இதன் வலப்புறத்தை வெட்டியவர் யார், தாத்தா?” என்றாள்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. மரப்பெட்டியின் அடியிலிருந்து மடித்த பழங்கடிதம் ஒன்றை எடுத்தார். அது 1855 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கடலூருக்கு, அவர் முன்னோருள் ஒருவருக்கு வந்த வணிகக் கடிதம். அதன் வலது மேல் மூலை இல்லை.

“நான்தான்” என்றார் அவர். “இக்கடிதத்தில் இரண்டு அரையணாத் தலைகள் ஒன்றையொன்று பிரியாமல் ஒட்டியிருந்தன. என் தந்தையார் அதனைக் கண்போல் காத்து வந்தார். எனக்கு உன் வயது இருக்கும். என் தோழன் ஒருவன் அதனைப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்று வேண்டும் என்றான். அப்பா இல்லாத வேளையில் மூலையோடு வெட்டி எடுத்தேன். பின்பு இரண்டையும் பிரித்தேன். இடைவெளி மிகச் சிறியது. கத்தரிக்கோல் என் தலைக்குள் வந்துவிட்டது. ஓரம் முழுவதும் அவன் பங்கிற்குப் போயிற்று. அவன் தந்தை வேலை மாறி ஊரை விட்டுச் சென்றார், அத்தலையும் போயிற்று.”

“உங்கள் அப்பா கேட்கவில்லையா?”

“கேட்டார். எலி கடித்துவிட்டது என்றேன்.” முதியவர் குரல் தாழ்ந்தது. “அவர் நம்பினார். பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைத்தார். இறக்கும் வரையில் எலி என்றே எண்ணியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, மேற்பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் இணைந்த தலைகளின் அருமையை எனக்கு விளக்கினார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பொருள் போயிற்றே என்பதனால் அன்று. பொய் சொன்னேனே என்பதனால். அதற்குப் பின்புதான் தாளை மடித்து மெல்லக் கிழிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.”

சிறுமி பேசவில்லை. பழங்கடிதத்தை மேசைமேல் விரித்தாள். நீலத் தலையை எடுத்து, வெட்டுண்ட மூலையில் மெல்ல வைத்தாள். அதன் இடது ஓரம் கடிதத்தின் வெட்டோடு பொருந்தியது, கீழோரமும் பொருந்தியது, மேலோரம் கடிதத்தின் மேல் விளிம்போடு நேர் நின்றது. பொருந்தாதது வலப்புறம் ஒன்றே. அங்கு ஒரு தலை அளவுக்கு வெற்றிடம் கிடந்தது. சற்று முன்னர் அவள் எண்ணியவாறு மூன்று ஓரங்களையும் வெட்டியிருந்தால், அத்தலை எந்த இடத்திற்கு உரியது என்று எவராலும் காட்டியிருக்க இயலாது.

“இந்த வெற்றிடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடட்டுமா?” என்று அவள் கேட்டாள். கேட்டவுடனே, “வேண்டாம், தாத்தா, அப்படியே இருக்கட்டும்” என்று தானே கூறினாள்.

இனிக் குறிப்பு எழுதவேண்டும். ஆண்டும் ஊரும் விலையும் எழுதினாள். அதன்பின் எழுதுகோல் நின்றது. “மூலை போன காரணத்தை என்னவென்று எழுதுவது?” என்று தயங்கினாள். நாளாவட்டத்தில் சிதைந்தது என்று எழுதினால் தாத்தாவுக்கு இழுக்கு இல்லை. கண்காட்சிக்கு ஊரார் பலர் வருவர். அவரை அறிந்தோரும் வருவர்.

முதியவர் சற்று நேரம் மலையையே நோக்கியிருந்தார்.

“நடந்ததை எழுது, அம்மா. எலியின் மேல் இட்ட பழி போதும்” என்றார்.

கண்காட்சி நாள் வந்தது. மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர் ஆதலின், பழைய மரப்பதுமைகளும் செதுக்கு உளிகளும் அங்குப் பல இருந்தன. ஒரு மாணவன் மலையிலிருந்து பாட்டியின் சாமை உரலைக் கொணர்ந்திருந்தான். அவற்றின் நடுவே ஒரு கண்ணாடியின் கீழ் அந்தக் கடிதம் விரிந்து கிடந்தது. அருகே சிறுமியின் கையெழுத்தில் இவ்வாறு இருந்தது:

“இக்கடிதம் 1855 இல் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்தது. இதில் அரையணாத் தலைகள் இரண்டு இருந்தன. என் தாத்தா சிறுவராய் இருந்தபோது அவற்றைக் கத்தரிக்கோலால் பிரித்தார். ஒன்று கிடைக்கவில்லை. அதன் இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.”

பார்க்க வந்தோருள் ஒருவர், முன்னாளில் கல்வராயன் மலையிலிருந்து வந்து முதியவரிடம் அஞ்சல் தலை வாங்கியவர். அவர் குறிப்பைப் படித்தார், மறுமுறையும் படித்தார். பின்பு முதியவரிடம் சென்று, “ஐயா, எங்கள் தலையை மட்டும் ஏன் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கிழித்துக் கொடுத்தீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது” என்று கூறிக் கைகுவித்தார்.

அன்று மாலை கடிதம் மரப்பெட்டிக்குத் திரும்பியது. நீலத் தலை கணக்கு ஏட்டிற்குள் திரும்பவில்லை. கடிதத்தின் மூலையில் தன் பழைய இடத்திலேயே இருந்தது. அதன் வலப்புறத்து வெற்றிடமும் அதனோடு இருந்தது.